எங்கே போவது

சென்ற மாதம் மகள் ஆறு ஊர்களின் பெயரை எழுதி அனுப்பியிருந்தாள். நயாகரா, ஆர்லாண்டோ, நியூ ஆர்லியன்ஸ், சான் டியாகோ, ஹொனலுலு, லாஸ் வேகாஸ். இவற்றில் ஒன்றை நானும் மனைவியும் தேர்ந்து சொல்ல வேண்டும். டல்லஸ் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வருஷத்துக்குப் பதினைந்து நாள் விடுமுறை. அதில் ஐந்து நாளை, அக்டோபரில் நாங்கள் அங்கே போகும்போது எங்களைச் சுற்றிக் காட்டுவதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறாள். சம்பளத்தோடு இத்தனை நாள் விடுமுறை தந்தாக வேண்டும் என்று தனியார் வேலைக்காரர்களுக்கு அமெரிக்காவில் மத்திய சட்டம் எதுவும் கிடையாது என்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முதலாளி பார்த்துக் கொடுப்பதுதான். ஆகவே அந்த ஐந்து நாளும் எங்கிருந்தோ கிள்ளி எடுக்கப்பட்டவை. அவற்றை வீணடித்துவிடக் கூடாது என்ற பயம் பட்டியலைப் பார்த்ததுமே எனக்கு வந்துவிட்டது.

ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு படம், ஒரு வரிக் குறிப்பு. ஜவுளிக் கடையில் ஆறு புடவையை விரித்துப் போட்டு, எது பிடித்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் எதிரே நிற்பதுபோல் இருந்தது. எனக்குப் புடவை எடுத்துப் பழக்கமில்லை. ஊரும் எடுத்துப் பழக்கமில்லை.

முப்பத்தாறு வருஷம் சரித்திர வாத்தியாராக இருந்தவன் நான். கோடை விடுமுறை என்றால் பரீட்சைப் பேப்பர் திருத்துவது. பையன்களைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம், தேக்கடி, கன்னியாகுமரி என்று போயிருக்கிறேன். அது உத்தியோகம். தலையை எண்ணுவதில்தான் கவனம் இருக்குமே தவிர கடலில் இருக்காது. குடும்பமாகப் போனது கல்யாணத்துக்கும் சாவுக்கும். வேளாங்கண்ணிக்கு ஒருமுறை, மகளுக்குக் காய்ச்சல் தீர்ந்ததற்கான வேண்டுதலாக. போக வேண்டிய இடம் எப்போதும் முன்கூட்டியே தீர்மானமாகியிருந்தது. எங்கே என்பது கேள்வியாகவே வந்ததில்லை.

ஆனால் விடுமுறைக்கு எங்கே போவது என்று அமெரிக்கர்கள் யோசித்துத் தலையை உடைத்துக்கொண்டது பசுமலைக்குப் புதிதல்ல. அந்த யோசனையின் ஓரத்தில்தான் எங்கள் குடும்பமே பிழைத்தது.

பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் 1810இல் தொடங்கியது. அதன் ஆட்கள் யாழ்ப்பாணம் வழியாக 1834இல் மதுரைக்கு வந்தார்கள். திருமங்கலத்தில் தொடங்கிய அவர்களுடைய செமினரி 1845இல் பசுமலைக்கு மாறியது. நியூ இங்கிலாந்தின் பனியில் வளர்ந்தவர்கள். மதுரையின் சித்திரை வெயிலையும் காலராவையும் காய்ச்சலையும் தாங்க மாட்டாமல் பலர் செத்தார்கள், குழந்தைகள் அதிகம் செத்தன. பிழைத்திருக்க வேண்டுமானால் கோடையில் மலைக்குப் போயாக வேண்டும். எந்த மலை? முதலில் திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலுள்ள சிறுமலையைப் பார்த்தார்கள். கிட்டத்தில் இருந்தது, குளிர்ச்சியாகவும் இருந்தது. ஆனால் காய்ச்சல் அங்கேயும் ஏறி வந்துவிட்டது. கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பிய காலம். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897இல்தான். சிறுமலை கொசு வராத அளவுக்கு உயரமில்லை என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. பிறகு பழனி மலையில் ஏழாயிரம் அடிக்கு ஏறினார்கள். 1845இல் சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு வீடுகள் எழுந்தன. கொடைக்கானல் ஆரம்பித்தது அப்படித்தான். ஏரி வந்தது 1863இல். அவர்கள் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் 1901இல்.

ஊட்டியும் சிம்லாவும் கலெக்டர்களும் கர்னல்களும் கண்டுபிடித்த ஊர்கள். கொடைக்கானல், பிள்ளைகளைப் புதைத்துச் சலித்தவர்கள் கண்டுபிடித்த ஊர். இன்று அங்கே ஏரியைச் சுற்றி சாக்லேட் வாங்கிக்கொண்டு நடப்பவர்களுக்கு இது ஞாபகம் வர வேண்டிய அவசியம் இல்லைதான். ஆனால் ஒரு விடுமுறை ஸ்தலம் தேர்ந்தெடுக்கப்பட்ட விதத்தில் இவ்வளவு உயிர் சம்பந்தப்பட்டிருந்த இன்னொரு ஊர் எனக்குத் தெரிந்து தென்னாட்டில் இல்லை.

என் தாத்தாவின் அப்பா பசுமலையில் ஒரு பங்களாவில் சமையல்காரர். தாத்தா பதினோரு வயதில், 1910 வாக்கில், கோழிக்கூடையைத் தூக்கிக்கொண்டு அவருடன் முதல் தடவை மலை ஏறினார். மதுரையிலிருந்து அம்மையநாயக்கனூர் வரை ரயில். இரவெல்லாம் மாட்டுவண்டி. விடியும்போது மலையடிவாரத்தில் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு. அங்கிருந்து துரைசாணியும் குழந்தைகளும் டோலியில். துரை குதிரையில். சமையல் சாமான், கோழி, சமையல்காரர், சமையல்காரர் மகன் எல்லாம் நடை. மோட்டார் பாதை வரும் வரை இதுதான் வழி. மேலே போய்ச் சேர்ந்ததும் குளிரில் பல் அடித்துக்கொண்டதில் தாத்தா நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தத் தழும்பை எங்களுக்கு நாக்கை நீட்டிக் காட்டுவார். பிறகு அவரும் சமையல்காரரானார். வருஷம் தவறாமல் ஏப்ரலில் ஏறி ஜூனில் இறங்கினார்.

"குளுருக்குப் போயிருக்காக" என்பதுதான் அப்பத்தாவின் பேச்சு. துரை வீட்டாரைப் பற்றியும் தாத்தாவைப் பற்றியும் அதே வார்த்தை. ஆனால் ஒரு வார்த்தையில் இரண்டு பயணம் இருந்தது. அவர்களுக்கு விடுமுறை என்பது இவருக்கு அதிக வேலை. மலைக்கு விருந்தாளிகள் நிறைய வருவார்கள். அந்த மூன்று மாதமும் அப்பத்தா பசுமலை வெயிலில், வற்றிப்போன கிணற்றில் இரவு ஊறும் தண்ணீருக்காக விடியுமுன் வாளியோடு நிற்பாள்.

தாத்தா சொன்னதில் ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. முப்பது கோடைக்கு மேல் அந்த ஏரிக்கரையில் நடந்திருக்கிறார், கறிகாய் வாங்கவும் கடிதம் போடவும். ஒருநாள்கூடப் படகில் ஏறியதில்லை. யாரும் தடுத்ததாக அவர் சொன்னதில்லை. ஏறலாமா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை, ஏறுகிறாயா என்று கேட்க அவர்களுக்கும் தோன்றவில்லை. இதை நான் வகுப்பில் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். சரித்திரம் என்பது படகில் போனவர்களின் கதை மட்டுமல்ல, கரையில் நடந்தவனையும் கேட்க வேண்டும் என்று. பையன்கள் அமைதியாகக் கேட்பார்கள். சொல்லி முடித்ததும் எனக்கே என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் ஏற்படும்.

மகளின் பட்டியலை வைத்துக்கொண்டு யோசித்தபோது, போகுமிடம் சொல்லும் இலக்கியம் தமிழில் இல்லாமல் இல்லையே என்று தோன்றியது. ஆற்றுப்படை வேறென்ன? பத்துப்பாட்டில் பாதி, ஐந்து பாட்டு, அதுதான். பரிசில் பெற்றுத் திரும்புகிற பாணனோ கூத்தனோ எதிரே வருகிற வறியவனை நிறுத்தி, இந்த வழியே போ, இந்த நிலத்தில் இன்ன சோறு கிடைக்கும், இன்னாரிடம் போய்ச் சேர் என்று சொல்கிறான். வழியிலுள்ள அழகு எல்லாம் வருகிறது. ஆனால் அழகுக்காக யாரும் போகவில்லை. பசிக்காகப் போகிறார்கள். திருமுருகாற்றுப்படையில் பசி வேறுவிதமானது, அவ்வளவுதான். அதுவும் ஆறு இடங்களின் பட்டியல். முதலாவதான திருப்பரங்குன்றம் எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரிகிறது. இன்னொன்றான குன்றுதோறாடலோ ஒரு குறிப்பிட்ட ஊர்கூட இல்லை, முருகன் ஆடும் குன்று எல்லாமே அதில் அடக்கம். அந்தக் கணக்கில் பசுமலையும் சேரலாம் என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

ஆற்றுப்படையில் போகிறவனிடம் ஒரு குறை இருக்கிறது, இடம் அதைத் தீர்க்கிறது. அமெரிக்க மிஷனரிகளிடம் காய்ச்சல் இருந்தது, கொடைக்கானல் தீர்த்தது. மகளின் பட்டியலில் இருந்த ஊர்களுக்கு இந்த நியாயம் பிடிபடவில்லை. ஆர்லாண்டோவில் 1971இல் டிஸ்னி கம்பெனி சதுப்பையும் புதரையும் திருத்தி ஒரு கேளிக்கை நகரத்தைத் திறந்தது. நெவாடா மாநிலம் 1931இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியதும், பாலைவனத்தில் ரயில் நிற்பதற்காக ஏற்பட்ட லாஸ் வேகாஸ் விளக்குகளின் நகரமாகத் தொடங்கியது. எந்தக் குறையும் இல்லாதவனை முதலில் குறையுள்ளவனாக்கி, பிறகு தீர்த்து அனுப்பும் இடங்கள். இப்படி ஓடியது என் யோசனை. கொஞ்சம் மிதப்பாகவே ஓடியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஹொனலுலு என்னை நிறுத்தியது. மதுரைக்கு ஆள் அனுப்பிய அதே அமெரிக்கன் போர்டின் ஆட்கள்தான் 1820இல் ஹவாய் தீவுகளிலும் போய் இறங்கினார்கள். அங்கே போனவர்களின் பிள்ளைகளில் சிலர் கரும்புத் தோட்ட முதலாளிகளானார்கள். 1893இல் ஹவாய் ராணியைப் பதவியிறக்கிய கூட்டத்தில் மிஷன் குடும்பங்களின் வாரிசுகள் இருந்தார்கள். இங்கே வந்தவர்கள் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்டினார்கள், பசுமலையில் 1881இல் அமெரிக்கன் கல்லூரிக்கு விதை போட்டார்கள். அதிகாரம் ஏற்கனவே வேறொருவர் கையில் இருந்த நாடு இது. அது இல்லாத தீவில் அதே சங்கத்தின் விதை வேறு மாதிரி முளைத்தது. ஹொனலுலு கடற்கரையில் நின்று பசுமலையை யோசிக்கலாமே என்று ஒரு ஆசை வந்தது.

பிறகு இன்னும் பெரிய ஆசை. பட்டியலில் இல்லாத பாஸ்டன். பசுமலைக்கு செமினரி வந்த, கொடைக்கானலில் வீடு எழுந்த அதே 1845இல், ஜூலை 4ஆம் தேதி, பாஸ்டனுக்குப் பக்கத்தில் கன்கார்டில் தோரோ வால்டன் குளத்தங்கரைக் குடிசைக்குக் குடிபோனார். ஒரே மண்ணிலிருந்து புறப்பட்ட இரண்டு ஒதுங்கல்கள். ஒருவர் ஊரைவிட்டு ஒன்றரை மைல் தள்ளிப் போனார், மற்றவர்கள் பாதி பூமியைச் சுற்றிவந்து, அதற்கு மேலும் ஏழாயிரம் அடி ஏறினார்கள். அடுத்த ஆண்டு குளிர்காலத்தில் வால்டனில் பனிக்கட்டி அறுத்தார்கள். பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் ட்யூடர் கப்பலில் ஏற்றிய பனிக்கட்டி அந்தக் காலத்தில் சென்னைக்கு வந்துகொண்டிருந்தது. தன் குளத்துத் தண்ணீர் சென்னைக்காரர்கள் தொண்டையை நனைப்பதாகத் தோரோ எழுதியது இதை வைத்துத்தான். அந்தப் பனிக்கட்டியைச் சேமித்த கட்டிடம்தான் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான்.

நான் போக வேண்டிய ஊர் அதுதான் என்று தீர்ந்துவிட்டது. மகளுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். கைபேசியில் எழுதியதில் கட்டைவிரல் வலித்தது. 1810, 1820, 1834, 1845 எல்லாம் அதில் வந்தன. 'நாங்கள் பாஸ்டனுக்கு வர விரும்புகிறோம்' என்று முடித்திருந்தேன். அனுப்பு முன் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"பாஸ்டன் அவ எழுதின ஆறுல இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் ஏங்க அது?"

விளக்கினேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"இதெல்லாம் புஸ்தகத்துல இருக்குல்ல. நீங்க படிச்சும் முடிச்சாச்சு. அத அஞ்சு நாள் செலவழிச்சுப் போயி வேற பாக்கணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. சரி, நீயே சொல், உனக்கு எங்கே போகணும் என்றேன். கேள்வியாக அல்ல, வாயை அடைப்பதற்காகத்தான் சொன்னேன்.

"நாப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. இப்பத்தான் கேக்குறீங்க" என்றாள். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. கீரை உருவிய விரல் நிற்கவும் இல்லை. பிறகு, "லாஸ் வேகாஸ்" என்றாள்.

சிரித்துவிட்டேன். சர்ச் மாதர் சங்கத்தில் பதினைந்து வருஷம் செயலாளராக இருந்தவள். சீட்டுக்கட்டு வீட்டுக்குள் வரக்கூடாது என்பவள்.

"சூதாடவா போறேன்? வெளக்குப் பாக்கப் போறேன்."

அவள் ஊர் திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில். அவள் தெருவுக்கு மின்சாரம் வராத காலம். ஒன்பது வயதில் சித்திரைப் பொருட்காட்சி பார்க்க அவளைத் தமுக்கத்துக்குக் கூட்டிவந்தார்கள். உள்ளே நுழையும்போதே இருட்டிவிட்டது. ராட்டினத்தைச் சுற்றி விளக்கு ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடியது. சிவப்பு ஓடி முடிந்ததும் பச்சை. பச்சைக்குப் பிறகு என்ன நிறம் என்று பார்ப்பதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஏ.வி. பாலம் ஏறும் வரை கழுத்தைத் திருப்பியபடியே நடந்திருக்கிறாள்.

"இங்க இருந்து தமுக்கம் எவ்வளவு தூரம்? நாம போனோமே" என்றேன்.

"போனோம், ரெண்டு தடவ. பாப்பாவுக்கு ராட்டினம் காட்டக் கூட்டிப் போனீங்க. நின்ன எடத்துல மணியப் பாத்துக்கிட்டே இருந்தீங்க."

இருந்திருப்பேன். பையன்களைக் கூட்டிப் போய்ப் பழகிய கை, எங்கே போனாலும் கடிகாரத்தைத்தான் திருப்பிப் பார்க்கும்.

அப்போது இன்னொன்று ஞாபகம் வந்தது. பசுமலை உச்சியில் ஹார்வி மில் துரைமார் இருந்த பங்களா இப்போது நட்சத்திர ஓட்டல். அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் விடுமுறைக்கு எங்கே போவது என்று யோசித்தவர்கள் வந்து தங்கும் இடம். அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தும் நான் அதற்குள் போனதில்லை. போன தடவை மகள் வந்திருந்தபோது எங்களுக்கு அங்கே ஓர் இரவு அறை எடுத்தாள். நான் படுக்கையின் மெத்தையைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். இவள் மட்டும் இரவு வெகுநேரம் புல்வெளியில் நின்று கீழே மதுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு மாடி தெரிகிறதா என்று தேடுகிறாள் என நினைத்தேன். அறைக்குள் போகலாம், பனி விழுகிறது என்று நான்தான் அழைத்துக்கொண்டு வந்தேன்.

மதுரையைச் சுற்றியுள்ள மலைகள் எங்கிருந்தோ படையெடுத்து வந்து கல்லானவை என்கிறது திருவிளையாடல். யானை, பாம்பு, மாயப்பசு. பசுமலை என்ற பெயருக்கு அந்தக் கதையைத்தான் சொல்வார்கள். என்னை யோசிக்க வைத்தது ஒரே விஷயம். ஏரிக்குள் ஏறாத தாத்தாவை நான் முப்பத்தாறு வருஷம் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஏறுகிறாயா என்று கேட்கத் தோன்றாதவர்களைப் பற்றி நயமாகப் பேசியிருக்கிறேன். என் வீட்டில் ஒருத்தி கரையிலேயே நின்றுகொண்டிருந்ததைப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. மகள் எங்கள் இருவரிடமும் கேட்ட கேள்விக்கு, 'நாங்கள்' என்று எழுதி நான் மட்டும் பதில் சொல்லவிருந்தேன். அதற்கு அமெரிக்கன் போர்டையும் தோரோவையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தேன். குறையில்லாதவனைக் குறையுள்ளவனாக்கும் ஊர் என்று லாஸ் வேகாஸை எழுதியதும் நான்தான். ஐம்பத்தெட்டு வருஷப் பழைய குறை ஒன்று பக்கத்துப் பாயில் படுத்திருந்தது.

கடிதத்தை அழித்தேன். பாஸ்டன் எங்கும் போய்விடாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. 'லாஸ் வேகாஸ். அம்மா சொன்னது' என்று எழுதி அனுப்பினேன்.

மகள் நம்பவில்லை. அம்மாவிடம் பேச வேண்டும் என்று கூப்பிட்டாள். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். கிராண்ட் கேன்யன் அங்கிருந்து காரில் போய் வருகிற தூரம்தான், ஒருநாள் போகலாம் என்றாளாம். நேரம் இருந்தால் பார்ப்போம், இல்லாவிட்டால் அவசரமில்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஊர் விளக்குகள் பெருகியதில் கொலராடோ நதிக்குக் குறுக்கே 1930களில் கட்டிய ஹூவர் அணைக்கும் பங்குண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மகள் நாள்வாரியாக ஒரு திட்டம் எழுதி அனுப்பினாள். மனைவி மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கிடைக்காமல் என்னை வாசிக்கச் சொன்னாள். தங்குமிடம், சாப்பாடு, செயற்கை நீரூற்று, நடக்க வேண்டிய தூரம். அந்தப் பெரிய தெருவில் இருபத்துநான்கு மணி நேரமும் பஸ் ஓடும் என்று ஓர் இடத்தில் வந்தது. அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.